லெப்டொப் வாங்க இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பியூட்டர் விலையைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகன் ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். லெப்டொப் வாங்கச் சீட்டுப் பணத்தையும் சேர்த்து ஒன்றரை இலட்சம் வைத்திருக்கிறோம். இப்போது என் தம்பி வந்து, சிலிக்கனுக்குப் பதிலாகப் புதுப் பொருள் கண்டுபிடித்துவிட்டார்கள், இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் பாதி விலைக்கு வரும், பொறுங்கள் என்கிறான். பொறுப்பதா, வாங்குவதா?
– ஒரு தாய், தலவாக்கலை

வாங்குங்கள் அக்கா. பாதி விலை வரும் என்று பார்த்திருந்தால் மகனின் பரீட்சை முடிந்துவிடும், விலை இறங்கியிருக்காது.

உங்கள் தம்பி கேள்விப்பட்டது பொய்யில்லை. 2019இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், சிலிக்கனுக்குப் பதிலாகக் காபன் நானோகுழாய்களை வைத்து 14,000க்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள், அதாவது மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்சுகள், கொண்ட ஒரு புரொசசரை (கம்பியூட்டரின் மூளையான சிப்பை) செய்தார்கள். 2025இல் சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில், மொலிப்டினம் டைசல்பைட் என்ற பொருளை ஒரேயொரு மூலக்கூறு அளவு தடிப்பில் விரித்து, ஏறத்தாழ 5,900 டிரான்சிஸ்டர்களோடு இன்னொரு புரொசசர் செய்தார்கள். இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஆனால் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். 1971இல் இன்டெல் விற்ற முதல் புரொசசரில் 2,300 டிரான்சிஸ்டர், 1978இல் வந்த 8086இல் 29,000. அதாவது எண்ணிக்கையில் பார்த்தால் புதுப் பொருட்கள் இன்னும் எழுபதுகளில்தான் நிற்கின்றன. 2020இல் வந்த அப்பிளின் எம்1 சிப்பிலோ 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள். அந்தத் தூரத்தை இரண்டு மூன்று வருடத்தில் யாராலும் ஓடிக் கடக்க முடியாது.

அதைவிட முக்கியமான விடயம் ஒன்று இருக்கிறது. கம்பியூட்டர் விலை உயர்வாக இருப்பதற்குச் சிலிக்கன் காரணமே இல்லை. பூமியின் மேலோட்டில் எடைப்படி கால்வாசிக்கு மேல், அதாவது 28 சதவீதம் அளவில், சிலிக்கன்தான். ஒட்சிசனுக்கு அடுத்து அதிகமாகக் கிடப்பது அதுவே. மண்ணிலிருந்து எடுத்து, 99.9999999 சதவீதம் சுத்தமாக்கி, படிகமாக வளர்த்து, சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய, 300 மில்லிமீட்டர் வட்டுகளாக அறுத்து, கண்ணாடிபோல் மினுக்கிக் கொடுக்கும்போதும் ஒரு வட்டு நூறு டொலர் அளவில்தான் நிற்கிறது. அதே வட்டு, மிகப் புதிய தலைமுறைச் சிப்புகள் பதிக்கப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது 15,000 டொலரைத் தாண்டிவிடுகிறது என்பது தொழிலில் பேசப்படும் கணக்கு. நடுவில் என்ன நடக்கிறது? மூன்று மாத வேலை, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள். நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே செய்யும் ஒரு அச்சு இயந்திரம் இருக்கிறது. உருகிய வெள்ளீயத் துளிகளை வினாடிக்கு 50,000 தடவை லேசரால் அடித்து, அதில் பிறக்கும் ஒளியால் கோடு போடும் இயந்திரம். அதில் மிகப் புதிய வகை ஒன்றின் விலை 35 கோடி டொலர் அளவில். அப்படிப் பல இயந்திரங்களை வைத்து ஒரு தொழிற்சாலை கட்ட 1,500 கோடி, 2,000 கோடி டொலர் போகிறது. இந்தச் செலவுதான் உங்கள் கைக்கு வரும் சிப்பின் விலையில் உட்கார்ந்திருக்கிறது. பொருளை மாற்றினாலும் இதே இயந்திரங்கள், இதே தூசியில்லாத அறைகள், இதே மூன்று மாதம் வேண்டும். நூறு டொலர் வட்டை ஐம்பதுக்குக் கொடுத்தாலும் உங்கள் லெப்டொப் விலையில் அது தெரியவே தெரியாது.

இன்டெலை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கோர்டன் மூர் 1965இல் எழுதியதை வைத்துத்தான், சிப்புகள் வருடத்துக்கு வருடம் மலிவாகும் என்று நாம் எல்லோரும் பழகிப்போனோம். பல வருடங்கள் அது நடந்தது. ஆனால் 2011, 2012 அளவில் வந்த, 28 நானோமீட்டர் என்று பெயரிட்ட சிப் தலைமுறைக்குப் பிறகு, ஒரு டிரான்சிஸ்டருக்கான செலவு முன்பு விழுந்த வேகத்தில் விழவில்லை. சிப் சிறிதாகிறது, வேகமாகிறது, மின்சாரம் குறைவாகக் குடிக்கிறது, ஆனால் மலிவாவது நின்றுபோன மாதிரிதான்.

நம் இலங்கையில் விலையைத் தூக்குவது வேறு. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய், மே மாதத்தில் 360. அந்த நாலைந்து மாதத்தில் 500 டொலர் லெப்டொப் ஒன்று எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு இலட்சத்திலிருந்து ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ஆனது. அப்புறம் 2024 ஜனவரியில் வட் வரி 18 சதவீதமானது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வந்ததே, அந்தக் கணக்கில் ஒன்றரை இலட்சம் என்றால் 111 நாள் சம்பளம். ஒரு சதமும் செலவழிக்காமல் நாலு மாதத்துக்கு மேல் கொழுந்து எடுத்த காசு. அந்தக் காசை எங்கோ ஒரு ஆய்வுகூடத்தை நம்பி வீட்டில் முடக்கி வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. எதை வாங்குவது என்பதைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் இளமையில் டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருந்தது ஜேர்மானியம் என்று படித்திருக்கிறேன். அது போய்ச் சிலிக்கன் வந்தது. அதேபோல் சிலிக்கனும் ஒருநாள் போகத்தானே வேண்டும்?
– ஒரு வாசகர், ஹப்புத்தளை

நல்ல கேள்வி ஐயா. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பார்டீனும் பிராட்டெய்னும் செய்து காட்டிய முதல் டிரான்சிஸ்டர் ஜேர்மானியம்தான். 1954இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிலிக்கன் டிரான்சிஸ்டரை விற்கத் தொடங்கியது. ஆனாலும் அறுபதுகள் வரை ரேடியோக்களில் ஜேர்மானியம் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் லயத்து வீட்டிலும் அப்படி ஒரு ரேடியோ இருந்தது. அடுப்பங்கரைச் சுவர்த் தட்டில் வைத்திருப்பார்கள். காலையில் குளிரோடு போட்டால் குரல் மணிபோல் கேட்கும். மாலையில் அடுப்பு எரிந்து ஒரு மணி நேரமானதும் பாட்டு கரகரக்கத் தொடங்கும். அப்பா அதைத் தூக்கிக்கொண்டுபோய் இஸ்தோப்பில் வைப்பார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஸ்டேஷன் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பல வருடம் கழித்துப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். புகை படிந்த பலகையில் ஆறேழு சின்னத் தகரத் தொப்பிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கம்பிக் கால்கள், எல்லாம் ஜேர்மானியம். சூடேறினால் ஜேர்மானியம் தன்பாட்டுக்கு மின்சாரத்தைக் கசியவிடும், அது அதன் பிறவிக் குணம். சிலிக்கன் அதைவிட எவ்வளவோ சூட்டைத் தாங்கும்.

வேகத்தில் பார்த்தால் ஜேர்மானியம்தான் மேல். அதற்குள் இலத்திரன்கள் சிலிக்கனைவிட இரண்டு மடங்குக்கு மேல் சுலபமாக ஓடும். இருந்தும் தோற்றதற்குச் சூடு ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. சிலிக்கனை ஒட்சிசனில் சுட்டால் அதன் மேலேயே கண்ணாடி போன்ற ஒரு தோல் படியும், மின்சாரம் கடத்தாத, கெட்டியான, நீரில் கரையாத தோல். அந்தத் தோலை வைத்துத்தான் ஒரே வட்டில் ஆயிரமாயிரம் டிரான்சிஸ்டர்களை அருகருகே பதிக்க முடிந்தது. ஜேர்மானியத்தின் தோல் தண்ணீரில் கரைந்துவிடும்.

சிலிக்கனும் அப்படிப் போகுமா என்றால், நம் தோட்டத்தைப் பார்த்தே பதில் சொல்லலாம். வெட்டுத்துண்டிலிருந்து வளர்க்கும் வீ.பி. தேயிலை, பழைய விதைத் தேயிலையைவிட எவ்வளவு கொழுந்து கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஐ. 2025 ரகத்தை (2025 என்பது வருடமில்லை, ரகத்தின் எண்) அறியாத தோட்டக்காரர் உண்டா? இருந்தும் விதைத் தேயிலை மலைகள் இன்றும் நிற்கின்றன. ஏனென்றால் பழைய செடியைப் பிடுங்கி, மண்ணை ஆறப் போட்டு, புது நாற்று வைத்து, அது கொழுந்து தரும்வரை வருடக்கணக்கில் அந்த மலையில் வருமானமே கிடையாது. நல்ல ரகம் இருக்கிறது என்பது மட்டும் போதாது, பழையதைப் பிடுங்கும் துணிவுக்கும் காசு வேண்டும். ஜேர்மானியத்தை விட்டபோது அந்தத் தொழில் ஒரு நாற்றுமேடை அளவில்தான் இருந்தது, மாற்றுவது சுலபம். இன்றைய சிலிக்கன் ஒரு முழு மலைத்தொடர்.

அதனால் நடப்பது என்னவென்றால், புதுப் பொருட்கள் சிலிக்கனை விரட்டாமல் சிலிக்கனுக்குள்ளேயே வந்து உட்காருகின்றன. 1997இல் ஐ.பி.எம். சிப்புக்குள் ஓடும் அலுமினியக் கம்பிகளுக்குப் பதிலாகச் செம்பைக் கொண்டுவந்தது. 2007இல் இன்டெல், நான் மேலே சொன்ன கண்ணாடித் தோல் மிக மெலிந்து கசியத் தொடங்கியதால், அந்த இடத்தில் ஹஃப்னியம் கலந்த ஒக்சைட்டை வைத்தது. அதற்கு முன்பே, 2003இல், சிலிக்கனை நெருக்கி அழுத்தி வேகம் கூட்டுவதற்காக அதனோடு சேர்க்கப்பட்டது எது தெரியுமா ஐயா, உங்கள் பழைய ஜேர்மானியமேதான்.

கிரபீன் என்பது காரீயத்திலிருந்து (பென்சிலில் இருக்கும் கிரஃபைட்) வருகிறது, உலகத்திலேயே சுத்தமான காரீயம் இலங்கையில் இருக்கிறது. அப்படியானால் எதிர்காலக் கம்பியூட்டர்களுக்கு நாம்தானே மூலப்பொருள் கொடுக்கப்போகிறோம்? பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.
– ஏ.எல். மாணவி, பண்டாரவளை

சிரிக்க இதில் ஒன்றும் இல்லை தங்கச்சி, நீங்கள் இரண்டு உண்மைகளைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். கேகாலைப் பக்கம் போகலையிலும் குருநாகல் பக்கம் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளுக்குள் நாளம் நாளமாகக் கிடக்கும் காரீயம் 95 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகவே வெளிவருகிறது, அது அபூர்வம். கிரபீனும் காரீயத்தின் ஒரே ஒரு அடுக்குதான். 2004இல் மான்செஸ்டரில் ஆன்ட்ரே கெய்மும் கொன்ஸ்டன்டின் நொவொசெலோவும் காரீயத்தில் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து உரித்து அந்த ஒற்றை அடுக்கைப் பிரித்தார்கள், 2010இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நீங்களும் பென்சிலைத் தாளில் அழுத்தித் தேய்த்து, அதில் நாடாவை ஒட்டி எடுத்து, அந்தக் கறுப்பின் மேல் இன்னொரு நாடா, அதன் மேல் இன்னொன்று என்று ஒட்டி ஒட்டி எடுத்துப் பாருங்கள். கறுப்பு, சாம்பலாகி, பிறகு நிழல் மாதிரி மங்கிப் போகும். அங்கே கிடப்பது இன்னும் பல அடுக்குகள்தான், ஆனால் வழி அதுவே.

தடை இரண்டு இருக்கிறது.

முதலாவது, டிரான்சிஸ்டர் என்பது ஒரு தண்ணீர்க் குழாய் மாதிரி. திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். திறந்தால் 1, மூடினால் 0, கம்பியூட்டரின் முழுக் கணக்கும் அதுதான். கிரபீனோ நம் தோட்டத்துப் பீலி. தண்ணீர் அருமையாக, தடையில்லாமல் ஓடும், ஆனால் இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும், மூட வழியில்லை. உங்கள் பாடப் புத்தக மொழியில் சொன்னால் அதற்குச் சக்தி இடைவெளி கிடையாது, அதனால் அது குறைகடத்தியே இல்லை. அந்த இடைவெளியை உண்டாக்கத்தான் இருபது வருடமாகப் பாடுபடுகிறார்கள். 2024 ஜனவரியில் ஜோர்ஜியா டெக் குழுவொன்று சிலிக்கன் காபைட் மேல் கிரபீனை வளர்த்து, 0.6 இலத்திரன் வோல்ட் இடைவெளி கிடைத்ததாக அறிவித்தது. சிலிக்கனுக்கு 1.12. பீலிக்கு ஒரு மூடி கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம், அதைக் கோடிக்கணக்கில் செய்து பார்க்கும் வேலை இனித்தான்.

இரண்டாவது தடை நம் காரீயத்துக்கு. சிப்புக்கு வேண்டிய கிரபீனை யாரும் சுரங்கத்துக் காரீயத்திலிருந்து உரித்து எடுப்பதில்லை. சூடான செம்புத் தகட்டின் மேல் மெதேன் வாயுவைச் செலுத்தி வளர்க்கிறார்கள், அல்லது சிலிக்கன் காபைட்டைச் சுட்டு எடுக்கிறார்கள். அதனால் அந்த வாசல் நமக்குத் திறந்தில்லை. ஆனால் இன்னொரு வாசல் இருக்கிறது. உங்கள் கையிலிருக்கும் போனின் பெட்டரிக்குள் ஒரு முனை பெரும்பாலும் காரீயம்தான், லெப்டொப்பிலும் மின்சாரக் காரிலும் அப்படியே. கல்லாக ஏற்றுமதி செய்வதற்கும், பெட்டரிக்கு வேண்டிய அளவுக்குச் சுத்தமாக்கி, உருட்டி, பூச்சுப் பூசி விற்பதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அந்த வேலையை இங்கேயே செய்ய இரசாயனமும் பொருட்களின் விஞ்ஞானமும் படித்த ஆட்கள் வேண்டும். நீங்கள் படிக்கும் பாடத்தோடு இதற்கு நேரான தொடர்பு உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடையில் 'கலியம் நைத்திரைட் சாஜர்' என்று ஒன்று விற்கிறார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதுதான், ஆனால் லெப்டொப்பையே சாஜ் பண்ணுமாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், மஸ்கெலியா

நம்பலாம், நல்ல கம்பெனி தயாரிப்பாக இருந்தால். புதுப் பொருள் ஒன்று உண்மையாகவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்றால் அது இதுதான். சாஜருக்குள் இருக்கும் சுவிட்ச், சிலிக்கனாக இருந்தால் வினாடிக்கு ஒரு இலட்சம் தடவை அளவில் திறந்து மூடும், கலியம் நைத்திரைட் அதைவிடப் பல மடங்கு வேகமாகச் செய்யும், சூடும் குறைவு. வேகம் கூடினால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமரைச் சின்னதாக்கலாம், பெட்டி சிறுத்ததற்கு அதுவே காரணம். உங்கள் வீட்டு எல்.ஈ.டி. பல்பிலும் ஒளி தருவது இதே பொருள்தான், நீல எல்.ஈ.டி.க்காக 2014இல் ஜப்பானில் பிறந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் கிடைத்தது.

விலை இன்னும் இறங்கும் என்பது என் எண்ணம், ஏனென்றால் இதைச் சாதாரணச் சிலிக்கன் வட்டின் மேலேயே வளர்க்கிறார்கள், 2024 செப்டெம்பரில் இன்ஃபினியன் 300 மில்லிமீட்டர் வட்டிலேயே செய்து காட்டியது. ஒரு பயம் உண்டு. உலகத்துக் கலியம் ஏறத்தாழ முழுவதும் சீனாவில்தான் எடுக்கப்படுகிறது, 2023 ஓகஸ்டில் அதன் ஏற்றுமதிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அந்த நாடு கட்டுப்பாடு கொண்டுவந்தது.

எந்தச் சாஜராக இருந்தாலும் சித்திரை மழையிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்னலுக்கு எந்தப் பொருளும் ஈடு கொடுக்காது.

சென்ற வருடம் லெப்டொப்புக்கு 8 ஜிபி ரேம் ஒன்று விலை கேட்டேன். இப்போது போனால் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். டொலர் அப்படி ஏறவில்லையே, கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
– ஒரு வாசகர், ஹட்டன்

பெரும்பாலும் இல்லை, அவரும் அந்த விலைக்குத்தான் வாங்குகிறார். உலகத்து ரேமில் (கம்பியூட்டர் வேலை செய்யும்போது பாவிக்கும் மெமரி) பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய டேட்டா சென்டர்களுக்கு ஒரு தனி வகை மெமரி வேண்டும். அதில் ஒரு ஜிபி செய்யப் போகும் வட்டு இடத்தில் சாதாரண ரேம் மூன்று ஜிபி அளவில் செய்துவிடலாம். இலாபம் அங்கே அதிகம் என்பதால் மூவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரோன், பொதுமக்களுக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மலிவு விலைக்கென்றே பெயர் பெற்ற ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்பியூட்டர் போர்டுகளின் விலைகூட அதே மாதம் மெமரியால் ஏறியது. பொருள் மாறவேயில்லை, அதே சிலிக்கன், அதே தொழிற்சாலை. யாருக்கு முதலில் விற்பது என்பது மட்டும் மாறியது, நமக்கு விலை இரட்டிப்பானது. தலவாக்கலை அக்காவுக்கு நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

சரி, இந்த நேரத்தில் எப்படி வாங்குவது? புது லெப்டொப்புக்குக் காசு போதாவிட்டால், வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துவிட்டு மொத்தமாக இறக்கப்படும் லெப்டொப்புகளைப் பாருங்கள். படிக்கும் பிள்ளைக்கு அவை தாராளமாகப் போதும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது, விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ரேம் இப்போதே 8 ஜிபியாவது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 4 ஜிபி வாங்கினால் இன்றைய விலையில் கை சுடும். ஸ்லொட்டில் செருகியதா, பலகையோடு பற்றவைத்ததா என்றும் கேளுங்கள். பற்றவைத்திருந்தால் பின்னாளில் கூட்டவே முடியாது.

கடையில் பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் சில வருடம் பாவித்த மெஷின் என்றால் ஸ்குரூ ஓரங்களிலும் ரேம் ஸ்லொட்டின் மஞ்சள் பற்களிலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும், அதை வாங்கவே வேண்டாம். சுத்தமாக இருந்தால் சாஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே ஒரு வீடியோ ஓடவிட்டு, பெட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.